மூன்று துணிகளும் ஒரு பாடல் திடலும்

திருவிழாத் திடலில் முதலில் ஏறுவது துணி. கொடியும் தோரணமும் மேடையின் பின்திரையும் கட்டி முடிந்த பின்னரே பாடகர் வருவர், மக்கள் கூடுவர். எனினும் விழா முடிந்த மறுநாள் காலையில் அத்துணிகளைச் சுருட்டி எடுப்பவரைத் தவிர வேறெவரும் அவற்றை நினைப்பதில்லை. பாட்டுத்தான் விழா, துணி வெறும் அலங்காரம் என்பது நம் எண்ணம். இந்த எண்ணம் முழுவதும் சரியன்று என்பதை எஸ்தோனியா என்னும் சிறு நாட்டின் பாடல் விழாக்கள் நமக்கு உணர்த்துகின்றன.

பால்டிக் கடற்கரையில் அமைந்த அந்நாடு 19-ஆம் நூற்றாண்டில் உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. நிலமெல்லாம் ஜெர்மானியப் பிரபுக்களின் கையில். உழவர் பேசிய எஸ்தோனிய மொழிக்கு உயர்ந்தோர் அவையில் இடமில்லை. அந்நிலையில் 1869-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தார்த்து நகரில் முதல் பாடல் விழா நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் யோகான் வோல்டெமர் யான்சென் என்னும் இதழாசிரியர். முன்னாளில் ஒரு சிற்றூரில் கோவிற்பிள்ளையாகவும் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தவர் அவர். பண்ணையடிமை முறை நீங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடுவதாகக் கூறி அரசின் அனுமதியைப் பெற்றார். ஏறத்தாழ 800 ஆண்கள் பாடினர். முதல் நாள் முழுவதும் திருப்பாடல்கள். இசைக்கப்பட்டவற்றுள் எஸ்தோனியர் ஒருவர் இயற்றிய இசை கொண்ட பாடல்கள் இரண்டே. அவ்விரண்டுக்கும் சொல் தந்தவர் யான்செனின் மகள், கவிஞர் லிடியா கொய்டுலா.

பாடற்குழுக்கள் தத்தம் கொடியைத் தாங்கி ஊர்வலமாகத் திடலுக்குச் செல்வது அவ்விழாக்களின் மரபாயிற்று. ஒவ்வோர் ஊரும் தன் பெயரைத் துணியில் எழுதி எடுத்துவந்து, பிற ஊர்களின் துணிகளோடு சேர்த்து நிறுத்தியது. கொண்டுவந்தவரின் உடைமையே திடலின் அலங்காரமாயிற்று.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1884-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், ஒட்டேபா என்னும் சிற்றூரின் லூத்தரன் போதகர் இல்லத்தில் ஒரு பட்டுக்கொடி மந்திரிக்கப்பட்டது. நீலம், கறுப்பு, வெள்ளை என மூன்று பட்டைகள். அது எஸ்தோனிய மாணவர் சங்கத்தின் கொடி. நாட்டின் கொடியன்று, ஏனெனில் அன்று நாடே இல்லை. 1918-இல் நாடு விடுதலை அடைந்தபோது, மாணவரின் அந்த மூன்று நிறங்களே தேசக் கொடியின் நிறங்களாயின.

விடுதலை இருபத்திரண்டு ஆண்டுகளே நீடித்தது. 1940-இல் சோவியத் படை நுழைந்தது. இடையில் ஜெர்மானியர் ஆண்டனர். 1944-இல் சோவியத் ஆட்சி மீண்டும் வந்தது. மூன்று நிறக் கொடி தடைசெய்யப்பட்டது. அதை ஏற்றியவர் சிறை சென்றனர்.

பாடல் விழாவை மட்டும் புதிய ஆட்சியாளர் நிறுத்தவில்லை, தமதாக்கிக்கொண்டனர். திடலெங்கும் செங்கொடிகள், தலைவர்களின் பெரிய உருவப்படங்கள், முழக்கங்கள் எழுதிய நீண்ட பதாகைகள். துணிக்குக் குறைவில்லை. ஆயினும் 1950-ஆம் ஆண்டு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன்னர், அதன் தலைமை நடத்துநர்களாகிய தூதுர் வெட்டிக், ரீஹோ பாட்ஸ், ஆல்பிரெட் கரிண்டி ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டனர். கொய்டுலாவின் பழைய பாடல் ஒன்றுக்குக் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944-இல் புதிய இசை அமைத்திருந்தார். 1947 விழாவில் இசைக்கப்பட்ட அப்பாடலும் 1950-இல் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் 1960-இல், கட்டடக் கலைஞர் ஆலார் கோட்லி வடிவமைத்த புதிய வளைவு மேடை தாலின் நகரில் திறக்கப்பட்ட ஆண்டில், மக்கள் தாமாகவே அப்பாடலைப் பாடினர். தலைக்கு மேல் தொங்கியது ஒன்று. நெஞ்சிலிருந்து எழுந்தது வேறொன்று. செந்துணியின் கீழ் நின்றோர் அனைவரும் அத்துணிக்கு உடன்பட்டவர் அல்லர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அடக்குமுறையின் கீழ் வாழ்வோரை வெளித்தோற்றம் கொண்டு தீர்ப்பிடுவது எத்துணைப் பிழையானது!

இனி, 1988-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் மரபுக் காப்புச் சங்கத்தார் தார்த்து நகரில் கூடினர். மூன்று நிறக் கொடிக்கு இன்னும் அனுமதியில்லை. ஆகவே நீலத் துணி ஒன்று, கறுப்புத் துணி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று எனத் தனித்தனியே எடுத்துவந்து, அடுத்தடுத்துப் பிடித்து நின்றனர். தனித்துப் பார்த்தால் எதுவும் கொடியன்று, சட்டம் மீறப்படவில்லை. சேர்த்துப் பார்த்தவர் கண்களில் நீர் மல்கியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மே திங்களில் அதே நகரின் இசை விழாவில் ஆலோ மத்தீசன் அமைத்த ஐந்து தேசப் பாடல்கள் முதன்முறையாக ஒலித்தன. ஜூனில், தாலின் பழைய நகரின் விழாவுக்கு வந்த மக்கள், இரவில் அங்கிருந்து பாடல் திடலுக்குச் சென்று விடியும்வரை பாடினர். அடுத்தடுத்த இரவுகளிலும் கூட்டம் பெருகியது. அத்திடலை எந்தக் குழுவும் அலங்கரிக்கவில்லை. மக்களே அலங்காரத்தைக் கையில் கொண்டுவந்தனர். பரண்களில் பல்லாண்டு ஒளித்து வைத்திருந்த பழைய கொடிகளும், வீட்டில் புதிதாகத் தைத்தவையும் அந்த இரவுகளில் வெளிப்பட்டன. ஓவியர் ஹெய்ன்ஸ் வால்க் இவ்வெழுச்சிக்குப் ‘பாடும் புரட்சி’ எனப் பெயரிட்டார். ஜூன் 23-ஆம் நாள் ஆட்சியாளரே அந்நிறங்களைத் தேசிய நிறங்களாக ஏற்றனர். செப்டம்பர் 11-ஆம் நாள் அதே திடலில் கூடியோர் மூன்று இலட்சம் பேர் என்பர். எஸ்தோனிய இனத்தவர் அனைவரையும் எண்ணினாலும் அன்று பத்து இலட்சத்தை எட்டமாட்டார். 1989 பிப்ரவரி 24 அன்று தாலின் கோட்டையின் உயர்ந்த கோபுரத்தில் செங்கொடி இறங்கி மூன்று நிறக் கொடி ஏறியது. 1991 ஆகஸ்டு 20 அன்று நாடு தன் விடுதலையை மீட்டுக்கொண்டது.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் படித்து முடித்தல் நேர்மையாகாது. அன்று அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு முப்பதுபேர் உருசியர். அவர்களுள் பலர் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள். மூன்று நிறக் கடலைக் கண்டு அவர்களில் சிலர் அஞ்சினர். ‘இனி நமக்கு இங்கே இடமுண்டா?’ என வினவினர். விடுதலைக்குப் பின் குடியுரிமை பற்றிய வழக்குகள் எழுந்தபோது, அவ்வச்சம் வீணானதன்று எனப் பலர் எண்ணினர். ஒரு துணி தன்னை நேசிப்போரை ஒன்றுசேர்க்கும். அதே நேரத்தில் மற்றவரை எல்லைக்கு அப்பால் நிறுத்தவும் கூடும். கொடி பிடிக்கும் கைகள் இதை எந்நாளும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஓர் உண்மை தெளிவாக நிற்கிறது. ஆணையின்படி கட்டிய தோரணம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அத்திடலை நிறைத்திருந்தும் மக்கள் உள்ளத்தில் தங்கவில்லை. ஒளித்துக் காத்த துணியோ, ஒருநாளும் ஏற்றப்படாமலே, அவ்வளவு காலமும் உள்ளத்தில் பறந்துகொண்டிருந்தது. வேறுபாடு துணியில் இல்லை. அதற்காக ஒருவர் எதை இழக்க ஆயத்தமாயிருந்தார் என்பதில் இருக்கிறது.

ஒட்டேபாவில் மந்திரிக்கப்பட்ட அந்த முதற்கொடியும் ஒரு பண்ணை வீட்டில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நாடு விடுதலை பெறும்வரை அது மறைவிலேயே இருந்தது. இன்று தார்த்து நகரின் எஸ்தோனிய தேசிய அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. அதை ஒளித்தவர் மீண்டும் அது காற்றில் ஆடுவதைக் காண்போம் என்னும் உறுதி பெற்றிருக்கவில்லை. ஆனாலும் அதை மடித்தார், மறைத்தார், காத்திருந்தார். நாம் கட்டும் கொடிகளில் இவ்வாறு மடித்துக் காக்க நாம் ஆயத்தமாயிருப்பது எது? விழா முடிந்து தோரணத்தை அவிழ்க்கும் காலையில் இவ்வினாவை நம்மிடமே கேட்டுக்கொள்வது நலம்.