இந்தியா – பாகிஸ்தான் வர்த்தக உறவுகள்

1947 ஆகஸ்டில் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது, அதுகாறும் ஒரே சந்தையாய் இயங்கிவந்த நிலப்பரப்பின் வயல்கள் ஒரு நாட்டிலும், அவ்வயல்களை நம்பியிருந்த ஆலைகள் மற்றொரு நாட்டிலுமாக அமைந்துவிட்டன. கிழக்கு வங்காளத்துச் சணலை நெய்யும் ஆலைகள் ஹூக்ளி நதிக்கரையில் இருந்தன. சிந்துவிலும் மேற்குப் பஞ்சாபிலும் விளைந்த பருத்தியோ பம்பாய், ஆமதாபாத் ஆலைகளைப் பெரிதும் நாடி வந்தது. ஆகவே, பிரிவினையின் புண் ஆறுமுன்னரே, காஷ்மீரில் போர் மூண்டிருந்த 1948–49இல், பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது இந்தியாவுக்கே வந்ததில் வியப்பில்லை.

யுத்தத்தால் அறாத இவ்வுறவை நாணயப் பிணக்கு அறுத்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைக்க, இந்தியாவும் அவ்வாறே செய்தது; பாகிஸ்தான் மறுத்துவிட்டது. சரிக்குச் சரியாயிருந்த ரூபாயில், 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றாகிய அவ்விகிதத்தை இந்தியா ஒப்பாமையால் வர்த்தகம் ஸ்தம்பித்தது. 1951 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டதாயினும், அதற்குள் இந்தியா நெல் விளைந்த நிலங்களிலும் சணலைப் பயிரிடத் தலைப்பட்டது. பாகிஸ்தானோ நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலையை எழுப்பிற்று. இருப்பதையே இன்னொருமுறை உண்டாக்கும் இந்த விரயம், வறுமையோடு போராடிய இரு தேசங்களுக்கும் தகாத செலவாகும்.

1965 யுத்தம் எஞ்சியதையும் நிறுத்தியது. 1974 நவம்பர் உடன்படிக்கைக்குப் பின்னரே சரக்குகள் மீண்டும் நகரத் தொடங்கின. 1996இல் இந்தியா வழங்கிய 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்னும் அந்தஸ்தைப் பாகிஸ்தான் திரும்ப வழங்கவில்லை. தெற்காசியத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தபின்பும் பல சரக்குகள் துபாயைச் சுற்றியே சென்றன. அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் அளவே தூரம் என்பதை எண்ணுவோர்க்கு இதன் பேதைமை விளங்கும். 2008இல் காஷ்மீரக் கட்டுப்பாட்டுக் கோட்டின் குறுக்கே, பணமின்றிப் பண்டத்துக்குப் பண்டமாகத் தொடங்கிய வாணிபமே இவ்வரலாற்றில் நெஞ்சை நெகிழ்விப்பது. அது 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

அவ்வாண்டே, புல்வாமா தாக்குதலையடுத்து இந்தியா 200 விழுக்காடு இறக்குமதி வரி விதித்தது. ஆகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தது. தடைகள் நீங்கின் ஆண்டுக்கு 3,700 கோடி டாலர் அளவுக்கு வளரத்தக்க இவ்வாணிபம் 200 கோடியைச் சற்றே தாண்டி நிற்பதாக, அதற்கு முந்திய ஆண்டுதான் உலக வங்கி கணித்திருந்தது. பகல்காம் படுகொலைக்குப் பின், 2025 மே மாதத்தில், பாகிஸ்தானிலிருந்து நேரடியாகவோ வேறு நாடுகளின் வழியாகவோ வரும் எல்லாச் சரக்குகளையும் இந்தியா தடை செய்தது.