இன்னொருத்தன்

என் தாத்தாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, இளம்பிள்ளையில் நெய்த புடவைக்குச் சாயம் போகாது என்பது. மற்றொன்று, என்.எஸ். கிருஷ்ணனைப் போல இன்னொருவன் பிறக்கப் போவதில்லை என்பது. முதல் நம்பிக்கையைப் பற்றி நான் வாய் திறந்தால் ஊர் வியாபாரிகள் கோபித்துக்கொள்வார்கள். இரண்டாவதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

குழித்தறியில் உட்கார்ந்தபடியே அவர் 'சகுந்தலை' படத்து மீனவர் காட்சியை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். 1940இல் வந்த படம் அது. எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன், டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அப்போது பையனாக இருந்த தாத்தா, கஞ்சமலையை ஒட்டிய பாதையில் சேலத்துக்கு நடந்தே போய், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தாராம். சுப்புலட்சுமியின் பாட்டு எப்படி என்று கேட்டால், "பாடுச்சு, நல்லாத்தான் பாடுச்சு" என்பார். அவ்வளவுதான். ஆனால் மீனவர்கள் வந்துவிட்டால் நாடாவை விட்டுவிடுவார். தறி நின்றுபோகும். பாட்டி உள்ளேயிருந்து திட்டுவாள்.

"கிஷ்ணன் ஓங்கி ஒண்ணு உடுவாம் பாரு, இன்னொருத்தன் அப்பிடியே சுத்திப் போயி உழுவான்!"

"இன்னொருத்தன்னா யாருங்க தாத்தா?"

"அது யாரோ இன்னொருத்தன், கண்ணு."

நாற்பது வருஷம் அந்தக் காட்சியைச் சொல்லிச் சிரித்த மனிதருக்கு, அதில் பாதியைச் செய்தவரின் பெயர் தெரியவில்லை. அப்போது எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. இப்போது படுகிறது.

அடித்து, விழுந்து, தடுக்கி, மோதிச் சிரிக்க வைக்கிற ஹாஸ்யத்துக்கு ஆங்கிலக்காரன் 'ஸ்லாப்ஸ்டிக்' என்று பெயர் வைத்தான். பழைய ஐரோப்பிய நாடகக் கோமாளிகள் கையில் வைத்திருந்த ஒரு கட்டையின் பெயர் அது. இரண்டு பலகைச் சட்டங்களைச் சேர்த்துச் செய்தது. அடித்தால் 'படார்' என்று சத்தம் வரும், முதுகு வலிக்காது. நம் மொழியில் இதற்கென்று தனிச் சொல் ஏற்படவில்லை. ஆனால் கொட்டாப்புளி ஜெயராமன் என்று ஒரு ஹாஸ்ய நடிகர் நமக்கு இருந்தார். கொட்டாப்புளி என்றால் மரச் சுத்தி! புளிமூட்டை ராமசாமி என்று இன்னொருவர். பெயரைச் சொன்னாலே ஆளின் பருமன் கண்ணில் நிற்கும். இந்த மனிதர்களுக்கு உடம்புதான் தொழில். பட்டப்பெயரும் அதற்கேற்றபடி வாய்த்தது.

தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே துண்டு துண்டான கதம்பமாகத்தான் இருந்தது. 1931 அக்டோபர் கடைசியில் வந்த 'காளிதாஸ்' படத்துடன் டி.பி. ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் காட்டப்பட்டது. புராணக் கதை ஒன்று, அதோடு ஒட்டாத ஆட்டம் ஒன்று, சிரிப்பு ஒன்று என்று ஒரே டிக்கெட்டில் எல்லாம் வேண்டும். நாடகக் கொட்டகையில் பபூன் வந்து போனதைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் இதை வித்தியாசமாக நினைக்கவில்லை. முழுப் படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்கென்றே சிறு ஹாஸ்யப் படங்களை எடுத்தார்கள். 1939இல் 'சிரிக்காதே' என்ற பெயரில், தனித்தனியான சிறு ஹாஸ்யப் படங்களை மாலையாகக் கோத்து ஒரே படமாகவே வெளியிட்டார்கள். சிரிக்காதே என்று சொன்னால் சிரிப்பு வரும் என்பது தெரிந்த வியாபாரி யாரோ வைத்த பெயர்! கிருஷ்ணனோ, தம் கோஷ்டியை வைத்துக்கொண்டு ஹாஸ்யப் பகுதியைத் தாமே எழுதி, தாமே படமாக்கி, அதைப் படமுதலாளியிடம் ஒப்படைக்கும் முறையையே நடத்தினார். படத்துக்குள் அது ஒரு தனிக் குடித்தனம்.

பேசும் படம் வந்ததில் இந்த அடிதடி ஹாஸ்யத்துக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஊமைப் படத்தில் அறை விழுந்தால் கண்ணால் மட்டும் பார்க்கலாம். பேசும் படத்தில் காதாலும் கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்து மைக் ஓரிடத்தில் நிற்கும். நடிகர் அதை விட்டுத் தூரம் போகக் கூடாது. ஓடுகிறவனை நிற்க வைத்துச் சிரிக்க வை என்றால் எப்படி? அதற்குத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, பேச்சுக்குப் பேச்சு, அடிக்கு அடி.

எங்கள் சேலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நடக்காது. டி.ஆர். சுந்தரம் ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் வரை போய் வந்தவர். வந்தவர் ஆலை வைக்காமல் படம் எடுத்தார். முதலில் ஏஞ்சல் பிலிம்ஸில் வேலாயுதம் பிள்ளையோடு பங்கு சேர்ந்தார். பிறகு ஏற்காடு மலையடிவாரத்துச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. 1937இல் 'சதி அகல்யா' அங்கிருந்து வந்தது. பிறகு நூற்றுக்கு மேல் படங்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பது வாசல் வளைவு மட்டும். 'நம்ம தொழில் படிச்ச ஆளு' என்று எங்கள் தெருவில் அவரைச் சொந்தம் கொண்டாடாத நெசவாளி கிடையாது.

அந்தக் கம்பெனியின் படங்களில்தான் காளி என். ரத்தினமும் சி.டி. ராஜகாந்தமும் ஜோடியாகக் கொடிகட்டிப் பறந்தார்கள். பி.யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட 'உத்தமபுத்திரன்' 1940 தீபாவளிக்கு வந்தது. அதிலும் இந்த ஜோடி உண்டு. ரத்தினம் சாமானியப்பட்டவர் அல்ல. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். அவரிடம் பாடம் கேட்டவர்களில் எம்.ஜி. ராமச்சந்திரனும் ஒருவர். கோவலன் நாடகத்தில் காளி வேஷம் போட்டு ஆடியதால் பெயருக்கு முன்னால் காளி ஒட்டிக்கொண்டாள். மேடையில் ஜனங்களை நடுங்க வைத்த காளி, திரையில் மொத்து வாங்குகிற வேலைக்காரன் ஆனார். 1941இல் வந்த 'சபாபதி' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எஜமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரன் கண்ணை உருட்டிக்கொண்டு வருவார். சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிற வேலைக்காரனாக ரத்தினம். பார்க்கிறவர்கள் ரத்தினத்தின் கண்ணைக் கவனிக்க வேண்டும். தான் அசடு என்பது அந்தக் கண்ணுக்குத் துளியும் தெரியாது. அசட்டை நடிக்கிற மற்றவர்களோ, 'நான் அசடு, பார்த்துக்கொள்' என்று நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டிவிடுகிறார்கள். வாத்தியாருக்கும் மாணாக்கனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ராஜகாந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஒரு பெண் திரையில் ஆண்பிள்ளைக்குச் சமமாக வாயடித்து, மல்லுக்கு நின்று, அதற்குக் கைதட்டலும் வாங்குவது சின்ன விஷயமா? பாடகர் திருச்சி லோகநாதனுக்கு அவர் மாமியார். 1990களில் தொலைக்காட்சித் தொடரில் கிழவியாக வந்தபோது, எங்கள் வீட்டில் பாட்டி ஒருத்திதான் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

'இன்னொருத்தன்' கதை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. லாரல், ஹார்டி இருவரையும் உலகமே அறியும். பியானோ ஒன்றை நெட்டைப் படிக்கட்டில் ஏற்றப் படாத பாடு படுகிற 'மியூசிக் பாக்ஸ்' என்ற குறும்படத்துக்கு 1932இல் ஆஸ்கார் பரிசே கிடைத்தது. ஆனால் அவர்கள் படங்களில் திரும்பத் திரும்ப வந்து, ஒட்டு மீசையும் ஒற்றைக் கண் இடுக்கலுமாக எரிந்து விழுந்த வழுக்கைத் தலை மனிதர் யார்? ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கோபம் பொங்கும்போது "டோ...ஓ!" என்று அவர் இழுப்பார். அதைச் சுருக்கித்தான் பிற்காலத்தில் சிம்ஸன் என்ற கார்ட்டூன் ஆசாமிக்குக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் குழந்தைகள் அந்தச் சத்தத்தைப் போடுகின்றன. பின்லேசனை யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் குறும்படங்களை வீழ்த்தியது வியாபாரம். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முழுப் படம் காட்டத் தொடங்கினார்கள். குறும்படத்துக்கு இடமில்லாமல் போயிற்று. லாரலும் ஹார்டியுமே 1935க்குப் பிறகு குறும்பட வரிசையை விட்டுவிட்டார்கள். இங்கே அந்த வேலையைச் செய்தது யுத்தம். கச்சா பிலிம் கப்பலில் வர வேண்டும். கப்பலுக்கோ வேறு வேலை. 1942இல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டது. ஆயிரம் அடி ஓட ஏறக்குறைய 11 நிமிஷம் ஆகும். ஆக, இரண்டு மணி நேரத்துக்குள் கதையை முடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் நீட்டி முழக்கிய கம்பெனிகளுக்கு மூச்சுத் திணறியது. கத்தரி எங்கே முதலில் விழும்? கதாநாயகியின் பாட்டிலா விழும்! தனிக் குடித்தனமாக இருந்த சிரிப்பு, பெரிய வீட்டின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.

எடுத்தவையும் தங்கவில்லை. அந்தக் காலத்து பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். ஓடி முடிந்த பிரதிகளை, அவற்றிலிருந்த வெள்ளிக்காகக் கரைத்தவர்களும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்ட 1964இல் தமிழ்ப் பேசும் படத்துக்கு வயது 33 ஆகிவிட்டது. காப்பாற்றி வைத்ததிலும் ஒரு பகுதி 2003 ஜனவரியில் அங்கேயே தீக்கு இரையானது. படம் போய்விட்டாலும் பாட்டுப் புத்தகம் சில வீடுகளில் பரணில் பிழைத்துக் கிடக்கிறது. மஞ்சள் பூத்த காகிதம். கதைச் சுருக்கம், மீதியை வெள்ளித் திரையில் காணச் சொல்லும் வரி, முகப்பில் நடிகர்களின் பெயர் வரிசை. திரை இல்லாமல் போன பின், மீதியை எங்கே போய்க் காண்பது?

கிருஷ்ணனுக்குத் தியாகராய நகரில் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தார். தகும். தாத்தாவும் அதைப் பார்த்துக் கும்பிட்டு வந்தார். வந்த அன்று இரவு அவர் சொன்னதாக அப்பா என்னிடம் சொன்னது இது: "அடிக்கறவனுக்கு என்னடா, கையைத் தூக்குனாப் போதும். வாங்கறவன்தான் நேரம் பார்த்து உழோணும். முன்னாடி உழுந்தாலும் சிரிப்பு வராது, பின்னாடி உழுந்தாலும் வராது."

அந்த மீனவரின் பெயர் டி.எஸ். துரைராஜ். சினிமா தெரிந்தவர்கள், இதற்கா இத்தனை தேடல் என்று சிரிப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்த பெயர்தான். எனக்குத் தெரிந்தபோது தாத்தா இல்லை. அத்தையிடம் போய்ச் சொன்னேன். திண்ணையில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றிக்கொண்டிருந்தாள். விசைத்தறிச் சத்தத்தில் முதல் தடவை அவள் காதில் விழவில்லை. மறுபடி கத்திச் சொன்னேன்.

"துரைராசா?" என்றாள். இழை அறுந்துவிட்டது. அதை முடிந்துகொண்டே, "அப்பாரு இருக்கறப்பவே கேட்டுச் சொல்லியிருந்தா என்னடா?" என்றாள்.