கேரளா ரேஷன் கார்டு, தமிழில் படித்த எஸ்எஸ்எல்சி: வடகரப்பதி பட்டதாரிக்கு எந்த மாநில வங்கி வேலை?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கோவை மாவட்டத்தை ஒட்டி இருக்கிறது வடகரப்பதி ஊராட்சி. வீட்டில் பேசுவது தமிழ். பலருக்குப் பள்ளிக்கூடத்திலும் தமிழ். ஆனால் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எல்லாமே கேரளா.

இந்த ஊரில் பி.காம். முடித்த ஒருவர் வங்கி கிளார்க் தேர்வுக்கான ஆன்லைன் படிவத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எந்த மாநிலக் காலியிடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?" என்று படிவம் கேட்கும். ஒரு மாநிலத்தை மட்டும்தான் சொல்ல முடியும். 'நாம கேரளாக்காரங்கதானே' என்று பெரும்பாலானவர்கள் கேரளாவை அழுத்திவிடுவார்கள். அந்த ஒரு கிளிக், கேள்வித்தாள் எந்த மொழியில் வரும், எத்தனை காலியிடங்களுக்குப் போட்டி போடுகிறோம், கடைசியில் எந்த மொழித் தேர்வில் பாஸ் ஆக வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக் காலியிடத்துக்கும் இவர் விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

விதி உண்மையில் என்ன கேட்கிறது?

பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணிக்கு (இப்போது இதற்கு வாடிக்கையாளர் சேவை அசோசியேட் என்று பெயர்) ஐபிபிஎஸ் தேர்வு நடத்துகிறது. எஸ்பிஐ தனியாக நடத்துகிறது. இரண்டிலுமே காலியிடங்கள் மாநில வாரியாகத்தான் அறிவிக்கப்படும். அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. அந்த மாநிலத்தின் அலுவல் மொழியைப் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதாவது இங்கே முகவரியை விட மொழிக்குத்தான் மதிப்பு. எஸ்பிஐ-யில் 10-ம் வகுப்பு அல்லது 12-ம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அந்த மொழியைப் படித்ததாக இருந்தால், தனியாக மொழித் தேர்வே எழுத வேண்டாம். தமிழ் வழியில் படித்த சித்தூர் தாலுகா மாணவரின் எஸ்எஸ்எல்சி பட்டியலில் தமிழ் இருக்கும். அதை வழங்கியது கேரள அரசு என்பதால் அதன் செல்லுபடி குறைந்துவிடாது.

மலையாள வழியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பட்டியலில் மலையாளம் இருக்கும்; கேரளக் காலியிடத்துக்கு அது நேரடியாக உதவும். தமிழ்நாட்டுக்குப் போட்டால் மொழித் தேர்வை எழுத வேண்டியிருக்கும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். 'தமிழ் நமக்குத் தெரியாதா என்ன' என்று அலட்சியமாகப் போக வேண்டாம்.

எல்லையோரத்தில் இரண்டு மொழியும் ஓரளவு எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு, சென்னையிலோ கொச்சியிலோ இருக்கும் போட்டியாளருக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆண்டும் எந்தப் பக்கம் இடம் அதிகமோ அந்தப் பக்கம் போகலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2025 ஆகஸ்டில் வந்த ஐபிபிஎஸ் கிளார்க் அறிவிப்பில் நாடு முழுவதும் 10,277 இடங்கள். அந்த முதல் அறிவிப்பின்படி தமிழ்நாட்டுக்கு 894, கேரளாவுக்கு 330. (பிறகு மொத்த எண்ணிக்கை உயர்த்தப்பட்டது.) இடம் அதிகம் என்றால் போட்டி குறைவு என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் எழுதுபவர்களும் அதிகம், கட்-ஆஃப் எந்தப் பக்கம் ஏறும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனாலும் 330-ஐ மட்டும் பார்த்துவிட்டு 894-ஐப் பார்க்காமலே விடுவது வேறு விஷயம்.

அதைவிட முக்கியமானது கேள்வித்தாள். கிளார்க் தேர்வை ஆங்கிலம், இந்தியுடன் 13 மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2021-ல் மத்திய நிதி அமைச்சகம் முடிவெடுத்தது. ஆனால் எந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த மாநில மொழிதான் கிடைக்கும். கேரளா என்றால் ஆங்கிலம், இந்தி, மலையாளம். தமிழ்நாடு என்றால் ஆங்கிலம், இந்தி, தமிழ். பன்னிரண்டு வருடம் கணக்கைத் தமிழில் போட்டுப் பழகியவர் கேரளாவைத் தேர்ந்தால், தன் மொழியில் கேள்வித்தாள் பெறும் வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுக்கிறார். முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிடம். ஒரு கேள்வியை இரண்டாவது தடவை படிக்கும் நேரம்கூட அங்கே பெரிய விலைதான்.

அந்த 100-ல் 30 கேள்விகள் ஆங்கிலப் பாடம். அதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது. தமிழ் வழி மாணவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அப்படிப்பட்டவர்கள் கிராம வங்கித் தேர்வையும் பார்க்கலாம். கிராம வங்கி அலுவலக உதவியாளர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலமே இல்லை: ரீசனிங் 40, கணக்கு 40, மொத்தம் 45 நிமிடம். (முதன்மைத் தேர்வில் ஆங்கிலம் அல்லது இந்தி வரும், தப்பிக்க முடியாது, ஆனால் தயாராக அவகாசம் கிடைக்கும்.) சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி, மலப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள கிராம வங்கி என இங்கேயும் இரண்டு கதவுகள்தான்.

அதிகாரி பணி? ஐபிபிஎஸ் மற்றும் எஸ்பிஐ பிஓ தேர்வுகள் ஆங்கிலம், இந்தியில் மட்டும். ஆனால் சமீப காலமாக வங்கிகள் 'உள்ளூர் வங்கி அதிகாரி' என்று தனியாக ஆள் எடுக்கின்றன. இதில் மாநில மொழி கட்டாயம். 2024-ல் இந்தியன் வங்கி அறிவித்த 300 இடங்களில் 160 தமிழ்நாடு-புதுச்சேரிக்கு. 2025-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் 400-ல் 260 தமிழ்நாட்டுக்கு. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.48,480. கிளார்க்குக்கு அது ரூ.24,050. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தது இங்கே நேரடியாகத் தகுதியாகிறது.

இந்த நிலை எப்படி வந்தது?

சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தின் தாலுகா. சுற்றியிருந்த பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது இரண்டுமே கேரளாவுக்குப் போயின. தமிழ் பேசும் கிழக்கு ஊர்கள், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம், அப்படியே உள்ளே தங்கிவிட்டன. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளுக்கும் இதே கதைதான், அங்கே போராட்டம் பெரியது.

கேரள அலுவல் மொழிச் சட்டம் 1969-ல் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு உரிமைகளைக் கொடுத்தது. தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உண்டு. கேரள பிஎஸ்சி தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினர் தமிழ்க் கேள்வித்தாள் கேட்கலாம். கேரளா வங்கியின் கிளார்க் பணிக்கு ஆள் எடுப்பது பிஎஸ்சிதான் என்பதால் இதையும் நினைவில் வையுங்கள். விண்ணப்பத்தில் மொழிச் சிறுபான்மை என்று குறிக்காமல் விட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

விவசாயம் மழை மறைவுப் பகுதிக்கே உரிய விதத்தில் நடக்கிறது: தண்ணீர் வந்தால் உண்டு. நிலம் இல்லாத வீடுகளில் கூலிதான் வருமானம். அங்கிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வங்கி வேலை என்பது மாதம் 1-ம் தேதி நிச்சயமாக வரும் பணம். அதனால்தான் சின்னச் சின்ன விதிகளில் இடறுவது இவ்வளவு வலிக்கிறது.

சாதிச் சான்றிதழில் ஒரு எச்சரிக்கை

எஸ்சி, எஸ்டி, ஓபிசி பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரிவில் இருக்கும் சமூகம் இந்தப் பக்கம் வேறு பிரிவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழ்நாட்டுக் காலியிடத்துக்கு விண்ணப்பித்தாலும் உங்கள் சான்றிதழ் கேரளாவில் வாங்கியதுதான். எனவே தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எந்தப் பிரிவில் விண்ணப்பித்தார் என்று பார்த்து அப்படியே நிரப்ப வேண்டாம். உங்கள் சான்றிதழில் இருப்பதை அறிவிப்பில் உள்ள நிபந்தனையுடன் வரிவரியாக ஒப்பிடுங்கள். ஓபிசி என்றால் மாநிலப் பட்டியல் போதாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்ற வாசகத்துடன், அறிவிப்பு சொல்லும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் 'பேங்க் எக்ஸாமுக்கு' என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

வயது வரம்பு கிளார்க்குக்கு 20 முதல் 28. எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டு, ஓபிசிக்கு 3 ஆண்டு தளர்வு. கட்டணம் 2025-ல் ரூ.850; எஸ்சி, எஸ்டிக்கு ரூ.175. பள்ளியிலோ கல்லூரியிலோ கம்ப்யூட்டர் ஒரு பாடமாக இருந்ததற்கு ஆதாரம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சான்றிதழ் படிப்பு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத தடை: சிபில்

தேர்வில் ஜெயித்த பிறகும் வேலை போகலாம். கடன் திருப்பிச் செலுத்துவதில் தவறியவர்களை வங்கிகள் வேலைக்கு எடுப்பதில்லை என்பது இப்போது அறிவிப்புகளிலேயே இருக்கிறது. எஸ்பிஐ அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் தவணைகளில் தவறியதற்காக ரத்தானது. அறிவிப்பு வருவதற்குள் எல்லாவற்றையும் கட்டிவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்று தீர்ப்பளித்தது.

என் பார்வையில், ஏழை வீட்டுப் பிள்ளைகளை இந்த விதி கூடுதலாகத் தாக்குகிறது. வசதியான வீட்டில் பையன் பெயரில் கடனே இருக்காது. இங்கே பைக் இஎம்ஐ, மொபைல் ஆப் கடன், கல்விக் கடன், அப்பாவின் வண்டிக் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, எல்லாமே கடன் அறிக்கையில் வந்து உட்காரும். பணத்தைக் கையாளும் வேலைக்குப் பண ஒழுக்கம் வேண்டும் என்று வங்கிகள் சொல்வது புரிகிறது. ஆனால் 21 வயதில் படிப்புக்காக வாங்கிய கடனையும் ஆடம்பரச் செலவுக்கு வாங்கியதையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகத் தெரியவில்லை.

விதி மாறும் வரை செய்யக்கூடியது இதுதான்: படிக்க உட்காரும் முன் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கட்டி முடித்த கடன் 'நிலுவை' என்று காட்டினால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி உடனே திருத்தச் சொல்லுங்கள். அறிக்கை திருந்த வாரக்கணக்கில் ஆகும். வேலைக்குச் சேரும் வாரத்தில் ஓடினால் நடக்காது.

பயிற்சிக்கு எங்கே போவது?

இங்கே இரண்டு பக்கமும் இடிக்கிறது. தமிழ்நாட்டின் 'நான் முதல்வன்' திட்டத்தில் வங்கித் தேர்வுக்கு உண்டு உறைவிடப் பயிற்சியே இருக்கிறது. ஆனால் அது தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. கேரளாவின் 'சிறுபான்மை இளைஞர் பயிற்சி மையம்' என்ற பெயரைப் பார்த்து நம்பிப் போக வேண்டாம். அது முக்கியமாக மதச் சிறுபான்மையினருக்கானது, மொழிச் சிறுபான்மை என்ற கணக்கு அங்கே இல்லை. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் குழல்மந்தத்தில் அரசின் தேர்வு முன்பயிற்சி மையம் இருக்கிறது.

பணம் கட்டிப் படிப்பதென்றால் கோவையில் பயிற்சி மையங்களுக்குக் குறைவில்லை. கட்ட முடியாதவர்களுக்கு யூட்யூப்: தமிழ்நாடு அரசின் 'எய்ம் டிஎன்' சேனலில் தமிழிலேயே போட்டித் தேர்வு வகுப்புகள் இருக்கின்றன. அதற்கு வாளையாறில் செக்போஸ்ட் கிடையாது.

கிளார்க் தேர்வு கைகூடும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வங்கிகள் பட்டதாரி அப்ரெண்டிஸ்களை எடுக்கின்றன. 2024-ல் கனரா வங்கி 3,000 பேருக்கு அறிவித்தது, மாதம் ரூ.15,000 உதவித்தொகை, ஒரு வருடம். இதிலும் மாநில மொழிதான் நிபந்தனை. வருடம் முடிந்ததும் வேலை தருவதாக வங்கி உறுதி சொல்வதில்லை, அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். கூட்டுறவு வங்கிகளில் ஜூனியர் கிளார்க் ஆக, எஸ்எஸ்எல்சி முடித்து ஜேடிசி என்ற கூட்டுறவு டிப்ளமோ படித்தால் போதும். பட்டம் வாங்க வழியில்லாதவர்களுக்கு இது நல்ல பாதை. தங்க நகைக் கடன் நிறுவனங்களில் கேரளாவில் தலைமையிடமும் தமிழ்நாடு முழுக்கக் கிளைகளும் கொண்டவை பல. இரண்டு மொழி தெரிந்தவரை அவர்கள் விரும்பி எடுக்கிறார்கள் என்றாலும், டார்கெட் அழுத்தம் அரசு வங்கியைவிட அதிகம்.

'பணம் கட்டுங்கள், வங்கியில் இடம் உறுதி' என்று யார் போன் செய்தாலும் அது மோசடி. கிளார்க் தேர்வில் நேர்முகத் தேர்வே இல்லை; சிபாரிசுக்கு இடமும் இல்லை.

ஏற்கெனவே வங்கியிலோ ஐடியிலோ வேலையில் இருப்பவர் நீங்கள் என்றால், ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தெரிந்த பட்டதாரி ஒருவரின் எஸ்எஸ்எல்சி பட்டியலில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள், கடன் அறிக்கையை அவர் போனிலேயே எடுத்துக் கொடுங்கள், சாதிச் சான்றிதழின் தேதியைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டுக் காலியிடத்துக்குப் போட்டால் முதன்மைத் தேர்வு மையமும் தமிழ்நாட்டில்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மையப் பட்டியலில் கோவை இருந்தால், காலை முதல் பஸ்ஸிலேயே போய்விடலாம்.