மூன்று கிழமை சுழற்றிய கைப்பிடி

1951ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்று இரண்டு உடற்றொழிலியலாளர்கள். கணவாயின் தடித்த நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது எண்டு கண்டுபிடிக்க சமன்பாடுகள் எழுதி வைத்திருந்தார்கள். கையால் தீர்க்க முடியாத வகையீட்டுச் சமன்பாடுகள். அதே பல்கலைக்கழகத்தில் 1949 முதல் எட்சாக் என்ற கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து அதைத் திருத்த வேலைக்காக நிறுத்திவிட்டார்கள். வேறு வழி? ஹக்ஸ்லி கைப்பிடி சுழற்றும் கணிப்பான் ஒன்றை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று கிழமை கணக்குப் போட்டார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விஞ்ஞானத்துக்கு இனிக் கணினி வேணும் என்பது அங்கே எல்லோருக்கும் விளங்கியிருந்தது. 1953இல் கேம்பிரிட்ஜ் ஒரு டிப்ளோமா தொடங்கியது. அதன் பெயரே பாடவிதானத்தைச் சொல்லிவிடும்: 'எண்சார் பகுப்பாய்வும் தானியங்கிக் கணிப்பும்'. கணிதமும் இயந்திரமும் ஒரே வகுப்பில்.

அந்தச் சேர்க்கை நீடிக்கவில்லை. 1962இல் பேர்டியூவிலும் 1965இல் ஸ்டான்ஃபோர்டிலும் கணினி விஞ்ஞானம் தனித் திணைக்களமானது. அதில் பிழையில்லை, அந்தத் துறைக்கு வளர இடம் தேவைப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு பௌதிகவியல் மாணவன் ஒரு கட்டடத்தில், நிரல் எழுதுகிறவன் இன்னொரு கட்டடத்தில். 1982இல் கணிதவியலாளர் பீட்டர் லக்ஸ் தலைமையிலான குழு, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு மீக்கணினிகள் எட்டாமல் இருப்பதையும், இந்தத் துறையில் பயிற்சி பெற்ற ஆட்கள் குறைவாக இருப்பதையும் சுட்டிக்காட்டியது.

ஆள் இல்லாட்டி என்ன நடக்கும்? 1991 ஓகஸ்ட் 23, நோர்வே. ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் பிரமாண்டமான கொங்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்துப் பார்த்தால், சுவர்கள் தாங்க வேண்டிய வெட்டு விசையைக் கணினிக் கணிப்பு 47 வீதம் குறைத்துக் காட்டியிருந்தது. மென்பொருள் ஓடியது, விடையும் தந்தது. சந்திக்கும் மூலைகளில் அந்த அமைப்பைக் கணினிக்குள் பிரித்த விதம் சரியில்லை. விடையை நம்பலாமா என்று கேட்கப் பழகாத கண்ணுக்கு அது தெரியாது.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் 'கணிப்புசார் விஞ்ஞானமும் பொறியியலும்' என்ற பட்டத்தின் வேலை. 2001இல் சியாம் எனப்படும் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் குழு இதற்கான பட்டப்பின் கல்வி பற்றி அறிக்கை வெளியிட்டது. பிரயோக கணிதம், கணினி விஞ்ஞானம், ஏதாவது ஒரு விஞ்ஞான அல்லது பொறியியல் துறை: மூன்றும் சந்திக்கும் இடமே இது.

வடிவமைக்கிறவர்களின் தலையிடி இங்கேதான் தொடங்குது. நேரம் அதேதான், பாடம் மூன்று மடங்கு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் ஒன்றிலும் ஆழம் வராது. ஒன்றில் ஆழமாகப் போனால் பழைய பட்டமே புதுப் பெயரில் வரும். ஒரு பிரயோகத் துறையில் உண்மையான ஆழம், மற்ற இரண்டிலும் உறுதியான அடிப்படை, ஒரே பிரச்சினையில் பல துறை மாணவர்கள் சேர்ந்து செய்யும் செயற்திட்டம் என்பதே எனக்கு நியாயமாகப் படுகிற வழி.

எங்கட நாட்டில் ஓ.எல். முடிந்த கையோடு 'மெத்ஸா, பயோவா?' எண்டுதான் கேட்பார்கள். ஹக்ஸ்லி மூன்று கிழமை சுழற்றிய அந்தக் கணக்கு எந்தப் பிரிவு? சொல்லுங்கோ பார்ப்பம்.