தெர்மாமீட்டர் கை மாறிய கதை

தீண்டாமை பற்றி அம்பேத்கர் எழுதிவைத்த தன் அனுபவக் குறிப்புகளில் இன்னொருவர் கதையும் உண்டு. 1929இல் ‘யங் இந்தியா’வில் வந்த கடிதம். எழுதியவர் கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர்.

பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ரெண்டு ரூபாய் ஃபீஸுக்கு ஊர்ப் பெரிய மனுஷன் ஜாமீன் நிற்கிறார். பச்சை உடம்புக்காரியை வெளியே தூக்கி வருகிறார்கள். தெர்மாமீட்டரை டாக்டர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் புருஷனிடம், புருஷன் பெண்டாட்டியிடம். அதே வழியில் திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார். மருந்து வந்தது. தாய் பிழைக்கவில்லை.

கத்தியவார் சமஸ்தானங்களின் பூமி. பிரிட்டிஷ் மாகாணங்களில் அதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. பம்பாயில் 1912, சென்னையில் 1914. ஆனால் அந்தச் சட்டங்கள் முதலில் கேட்டது என்ன? யார் டாக்டர், யார் டாக்டர் இல்லை என்பதைத்தான். அதற்குப் பதிவேடு. நடத்தை தவறினால் விசாரிக்க கவுன்சில். அங்கேயும் டாக்டரை விசாரிப்பது டாக்டர்களேதான். 1933இல் அகில இந்திய கவுன்சில் வந்தது. 1956இல் புதுச் சட்டம். 2020இல் தேசிய மருத்துவ ஆணையம். போர்டு மாறியது, நோயாளி வாசலிலேயே நிற்கிறான்.

நோயாளிக்கு ஒரு கதவு திறந்தது 1995இல். டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்றது உச்ச நீதிமன்றம். நல்லதுதான். ஆனால் உள்ளே போவது யார்? காசு கொடுப்பவன். சிலரிடம் வாங்கி சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் அந்த இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. எல்லோருக்கும் இலவசம் என்றால் இல்லை. சீட்டுக்குக் கொடுத்த சில்லறையும் கணக்கில் வராது. 2019ஆம் வருஷத்துப் புதுச் சட்டமும் இலவச சேவையை வெளியேதான் வைத்திருக்கிறது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்பார்கள். கூலிக்குப் போகிறவள் வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் எங்கே போவாள்?

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது பெரும்பாலும் நம் ஜனங்கள். “ஓசி வைத்தியத்துக்கு இவ்வளவு பேச்சா?” என்று அங்கே கேட்காதவர்கள் நம்மில் யார்? அந்த ஏச்சும் இந்தச் சட்டமும் ஒரே பாஷைதான் பேசுகின்றன. கத்தியவாரில் காசு இருந்தும் கை தொடவில்லை. இன்று காசு இல்லாதவனுக்குக் கேள்வி கேட்கும் கதவு இல்லை.

இன்னொரு வழியைக் காட்டியவர்கள் மேற்கு வங்க விவசாயக் கூலிகள். 1992இல் அவர்கள் சங்கத்துக்காரர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்று இடமில்லை, வசதியில்லை என்று கைவிரித்தன. சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அவசர சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று 1996இல் தீர்ப்பு. 25,000 ரூபாய் இழப்பீடு.

அந்த மனுஷன் அங்கே நுகர்வோராக நிற்கவில்லை. குடிமகனாக நின்றார், சங்கத்தோடு நின்றார். நாம் கேட்க வேண்டியதும் அதுதான். வைத்தியம் தர்மம் இல்லை, உரிமை. அதைக் கேட்க ரசீது எதற்கு?