எதை எண்ணுவது? ஆரம்ப சுகாதாரத்தை அளந்த வரலாறு

ஆரம்ப சுகாதார வரலாற்றில் 1978 இரு காரணங்களால் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் அல்மா-அட்டா மாநாடு, அனைவருக்கும் நலவாழ்வு என்னும் இலக்கை அடையும் வழி ஆரம்ப சுகாதாரமே என்று அறிவித்தது. அதே ஆண்டில் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் ‘தரவு உறைப் பகுப்பாய்வு’ என்னும் கணித முறையை வெளியிட்டனர். ஒரு நிறுவனத்தின் உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் கணக்கிட்டு, தன்னையொத்தவற்றுள் சிறந்தவற்றைவிட அது எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதை அம்முறை எண்ணால் காட்டும். கல்வித் திட்டமொன்றை மதிப்பிடப் பயன்பட்ட அது, பின்னர் சுகாதார நிலையங்களுக்கும் வந்தது.

சிக்கல் வெளியீட்டை வரையறுப்பதில் உள்ளது. எளிதில் கிடைப்பது புறநோயாளர் எண்ணிக்கை. தடுப்புப் பணியால் வராமற்போன நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நோயாளியை நின்று கேட்காமல் அனுப்பிவிடும் நிலையமோ கணக்கில் திறன் மிக்கதாகத் தோன்றும்.

கேரளம் இதற்குத் தக்க சான்று. குறைந்த வருமானத்திலும் இறப்பு விகிதம் குறைய முடியும் என்பதைத் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் 1975ஆம் ஆண்டு ஆய்வு உலகுக்குக் காட்டியது. 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பெல்லாஜியோவில் கூட்டிய மாநாடு, சீனா, கோஸ்டா ரிக்கா, இலங்கை ஆகியவற்றுடன் கேரளத்தையும் குறைந்த செலவில் நல்ல நலவாழ்வு பெற்ற பகுதியாக ஏற்றது. ஆயினும் நோயுற்றதாகத் தாமே கூறுவோரின் விகிதம் இங்கு மிகுதி. கல்வியும் மருத்துவ வசதியும் உள்ளோரே தம் நோயை உணர்ந்து கூறுகின்றனர் என 2002இல் அமர்த்தியா சென் விளக்கினார். அந்த எண்ணை மட்டும் நம்பினால், பீகாரைவிடக் கேரளம் நலம் குன்றியது என்றாகிவிடும்.

நகரத்தில் மற்றொரு தடையும் உண்டு. ஸ்ரீவராகத்தில் வசிக்கும் நீரிழிவு நோயாளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், கோட்டைப் பகுதி அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவர் என மூவரிடமும் செல்லக்கூடும். அவரது சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், அப்பயன் யாருடைய கணக்கில் சேரும்?

இதற்கு உதவும் சட்டகத்தை டோனபீடியன் 1966லேயே வகுத்திருந்தார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று நிலைகளில் தரத்தை ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய தேசியத் தர உறுதித் தரநிலைகளின் 8 பிரிவுகளில் நோயாளர் உரிமையும் சிகிச்சைப் பணியும் விளைவும் தனித்தனியே இடம்பெறுகின்றன. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி, தொடர் கவனிப்பை முன்னிறுத்தியது.

ஆகவே, திறன் குறித்த ஆய்வு எதையும் படிப்போர் முதலில் தேட வேண்டியது, அதன் வெளியீட்டுப் பட்டியலில் தரத்திற்கும் தடுப்புக்கும் இடமுண்டா என்பதையே. இல்லையெனில், அந்தத் தரவரிசையைக் கொண்டு நிதியையோ பணியிடத்தையோ குறைப்பது, நன்கு உழைத்த நிலையத்தையே தண்டிப்பதாக முடியலாம்.