முட்டுக்கட்டை முதல் மோட்டார் வரை

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுப்பா, உன் தொழிலைப் பற்றியே எழுது" என்று நம் சங்கச் செயலாளர் போன மாதம் சொன்னார். "என் தொழில் பிரேக் சார், அதை எழுதினால் யார் படிப்பாங்க?" என்றேன். "வண்டி ஓட்டுகிற எல்லாரும் படிப்பாங்க" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே நண்பர்களே, இது பிரேக் கதை. அதிலும் பிரேக் பிடிக்கிற கதை அல்ல, பிரேக் விடுகிற கதை.

இன்று வருகிற பல கார்களில் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஹேண்ட் பிரேக்கைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சின்ன பட்டன். அதை இழுத்தால் பிரேக் பிடிக்கும். பிறகு கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிரேக் தானாகவே விலகிவிடும். "அதெப்படி தானா விலகுது? மேட்டில் விலகிட்டா வண்டி பின்னால உருண்டுடாதா?" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவின் கட்டை

எங்கள் வீடு அண்ணனூரில். அப்பா லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 16 வயதில் கிளீனராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து லாரியில் பாரம் ஏற்றிவிட்டால், மேட்டில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிற்க முடியாது. வண்டி நின்றதும் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும்.

கட்டையைப் போடுவது சுலபம். எடுப்பதுதான் வித்தை! டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்துக் கிளச்சை மெல்ல விடுவார். எஞ்சின் சத்தம் கனத்துவரும். சக்கரம் கட்டையை விட்டு ஒரு நூல் முன்னே நகரும். அந்த நேரம் பார்த்துக் கட்டையை உருவிக்கொண்டு ஓடி ஏற வேண்டும். முந்தி உருவினால் லாரி பின்னால் வந்துவிடும்.

1979-ல் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் "எடுடா!" என்ற குரல் கேட்டு அப்பா கையை நீட்டியிருக்கிறார். அதே நொடியில் எஞ்சின் நின்றுபோனது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. "டிரைவர் அண்ணன் மேல தப்பில்ல. எஞ்சின் இழுக்குதான்னு நான் பார்த்திருக்கணும்" என்றுதான் இன்றைக்கும் சொல்வார்.

கல்லூரியில் நான் மெக்கானிக்கல் எடுத்ததற்கும், படித்து முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போனதற்கும் அந்தக் கைதான் காரணம்.

ரயில் சொன்ன பாடம்

அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே ரயில் விடுகிற "புஸ்ஸ்" என்ற காற்றுச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் உள்ள புத்திசாலித்தனம் நம் கல்லூரி வகுப்பில்தான் புரிந்தது.

அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தார். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். ஆனால் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை! 1872-ல் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று நிறைந்திருந்தால் பிரேக் விலகி நிற்கும், காற்று குறைந்தால் தானே பிடிக்கும். அதாவது, கோளாறு வந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது.

கனரக லாரி, பஸ்களில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் இதே வழிதான். பலமான ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், காற்று அழுத்தம் ஏறினால்தான் விடும். காலையில் டிரைவர்கள் "காத்து ஏறட்டும்" என்று காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தொழிலில் நம் பக்கத்துப் பாடிக்குப் பெரிய பங்கு உண்டு. 1962-ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டெவாண்ட்ரே கூட்டுடன் சுந்தரம் கிளேட்டன் தொடங்கி, காற்று பிரேக் செய்தது. பிரேக்ஸ் இந்தியாவும் அதே ஆண்டில் பிறந்ததுதான். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனமானது. நம் பேட்டைக்குப் பெருமையான விஷயம்!

ஆனால் ஸ்பிரிங் பிரேக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "காற்று இருக்கிறதா?" அப்பா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "எஞ்சின் இழுக்கிறதா?"

கார்கள் கற்றுக்கொண்டது

கார்களில் அந்தக் கேள்வியை நோக்கிப் படிப்படியாகத்தான் வந்தார்கள். 1936-ல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் காரில் "ஹில் ஹோல்டர்" வந்தது. மேட்டில் நிற்கும்போது ஒரு சின்ன உருண்டை சரிந்து பிரேக் ஆயிலின் வழியை அடைத்துக்கொள்ளும். கிளச் பெடல் மேலே எழும்பும்போது வழி திறக்கும். பெடல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியும், எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியாது.

1960-ல் காடிலாக் காரில், எஞ்சின் ஓடும்போது கியரை டிரைவுக்குத் தள்ளினால் பார்க்கிங் பிரேக் தானே விலகும்படி செய்தார்கள். எஞ்சினின் வாக்குவம்தான் அந்த வேலையைச் செய்தது. சௌகரியம்தான். ஆனால் டிரைவர் உண்மையிலேயே கிளம்பப் போகிறாரா என்று அது கேட்கவில்லை.

2001-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் பட்டன் பிரேக் வந்தது. அதில் ஒரு மோட்டார் கேபிளை இழுத்தது. 2005-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் பசாட்டில் மோட்டாரைப் பின்சக்கரத்து பிரேக் மேலேயே உட்கார வைத்தார்கள். நம் நாட்டில் 2017-ல் ஜீப் காம்பஸ், 2020-ல் ஹூண்டாய் கிரெட்டாவின் சில மாடல்கள் என்று நடுத்தரக் குடும்பங்கள் வரை இது இறங்கி வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. பட்டனை இழுத்ததும் சின்ன மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகைச் சுற்றும். திருகு பிஸ்டனைத் தள்ளும், பேட் டிஸ்கைக் கவ்வும். மோட்டார் எடுக்கும் கரண்டை வைத்தே பிடி எவ்வளவு இறுகியது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். திருகு தானாகப் பின்னால் சுற்றாது என்பதால், கரண்டை நிறுத்தினாலும் பிடி தளராது. வெஸ்டிங்ஹவுஸின் பாடம் இங்கேயும் இருக்கிறது.

விடும்போதுதான் கேள்விகள். பொதுவாக, எஞ்சின் ஓடுகிறதா, கதவு மூடியிருக்கிறதா, டிரைவர் பெல்ட் போட்டிருக்கிறாரா, கியர் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும். மேட்டில் என்றால், சரிவை அளக்கும் சென்சார் எத்தனை இழுப்பு தேவை என்று சொல்லும். ஆக்சிலரேட்டரும் கிளச்சும் எத்தனை இழுப்பு வருகிறது என்று சொல்லும். இரண்டும் ஒத்துவந்த பிறகே மோட்டார் திருகைப் பின்னால் சுற்றும். அப்பாவின் காதும் கண்ணும் செய்த வேலை இதுதானே!

"எஞ்சின் நின்னுட்டா?"

சென்ற ஆண்டு நான் வாங்கிய காரில் அப்பாவை உட்காரவைத்து, அம்பத்தூர் பக்கம் ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்திக் காட்டினேன். "பிரேக்கை எடுத்தியா?" என்றார். "அதுவே எடுத்துக்கும்பா." கொஞ்ச நேரம் யோசித்தார். "எஞ்சின் நின்னுட்டா?"

நாற்பத்தைந்து வருஷத்துக் கேள்வி! "இழுப்பு போதாதுன்னா அது கட்டையை எடுக்காதுப்பா. எடுத்த பிறகு எஞ்சின் நின்னா, என் கால் பிரேக் மேல இருக்கணும்" என்றேன். "அப்போ நீயும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்" என்று சிரித்தார்.

இந்த பிரேக் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. பெல்ட் போடாததால் பிரேக் விலகவில்லை என்றால் அதைக் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். பேட்டரி இறங்கிவிட்டால் பிரேக் விலகாது, வண்டியைக் கட்டி இழுக்காதீர்கள். பின்சக்கர பேட் மாற்றும்போது, மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனை அழுத்தித் தள்ள விடாதீர்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்த இயந்திரம் செய்தாலும், அது எப்படி வேலை செய்யும் என்று மட்டும் கேட்காதீர்கள். "நின்னுட்டா என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள். எனக்கு அந்தப் பாடத்தை முதலில் நடத்தியவர் எட்டாம் வகுப்பு தாண்டாத ஒரு கிளீனர். இந்த மலர் கைக்கு வந்ததும் அவருக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டப் போகிறேன்.